தாழும் திறவுகோலும்: வீட்டுப் பூட்டுகளைப் பற்றி அறிய வேண்டியவை

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளின் எல்லையோரச் சிற்றூர்களுள் ஒன்று குளத்தூர். 1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநில எல்லைகள் வகுக்கப்பட்டபோது கன்னியாகுமரி மாவட்டம் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நிலைத்தது. அன்று முதல் இன்று வரை இச்சிற்றூர்களில் தமிழும் மலையாளமும் ஒரே முற்றத்தில் பேசப்படுகின்றன. மலையாளத்தில் பூட்டுக்குத் 'தாழ்' என்றும், சாவிக்குத் 'தாக்கோல்' என்றும் பெயர். தாழைத் திறக்கும் கோல் என்பதே தாக்கோல். திருக்குறளின் அன்புடைமை அதிகாரத்தில் கதவை அடைக்கும் கருவியைக் குறிக்க வரும் சொல்லும் இதே 'தாழ்' தான். மாநில எல்லை எங்கே செல்லினும் பூட்டுக்கான சொல் இரு பக்கத்தாருக்கும் பொதுவாகவே இருந்து வருகிறது.

ஒரு காலத்தில் இவ்வூர்களின் வீடுகளுக்குப் பூட்டின் தேவை மிகக் குறைவு. கூட்டுக் குடும்பங்களில் எந்நேரமும் ஒருவரேனும் வீட்டில் இருப்பர். இன்று பிள்ளைகள் வளைகுடா நாடுகளிலும் பெருநகரங்களிலும் பணிபுரிகின்றனர். வீட்டில் முதிய பெற்றோர் தனித்திருக்கின்றனர். அல்லது வீடே பல மாதங்கள் பூட்டிக் கிடக்கிறது. ஆண்டுக்கணக்கில் சேர்த்த நகை, நிலப் பத்திரம், கல்விச் சான்றிதழ் ஆகிய அனைத்திற்கும் அவ்வேளையில் ஒரு பூட்டே காவல்.

வீட்டுக் கடன் விண்ணப்பங்களோடு வரும் மதிப்பீட்டுப் பட்டியல்களை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். தேக்கிலோ அயனி மரத்திலோ செய்யப்படும் தலைவாயிற் கதவுக்கும், அதன் சிற்ப வேலைப்பாட்டுக்கும் தாராளமாகத் தொகை ஒதுக்கப்படுகிறது. பூட்டுக்கு ஒதுக்கப்படுவதோ மிகச் சிறிய தொகை. பல வீடுகளில் குடிபுகும் விழாவுக்கு முந்தைய வாரத்தில், கடையில் கைக்குக் கிடைப்பதே வாங்கப்படுகிறது. எந்தக் கதவுக்கு எந்தப் பூட்டு பொருந்தும் என்பதை வாடிக்கையாளர்கள் அறிந்து வாங்க உதவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் மண்ணின் பூட்டுகள்

தென் திருவிதாங்கூரின் பழைய வீடுகளில் 'மணிச்சித்திரத்தாழ்' என்னும் வேலைப்பாடு மிக்க பூட்டு புகழ்பெற்றிருந்தது. மரக்கதவின் மேல் பித்தளை அணிகளோடு பொருத்தப்படும் இப்பூட்டு, காவலோடு அழகையும் கருதிச் செய்யப்பட்டது. 1993-இல் இதே பெயரில் வெளிவந்த மலையாளத் திரைப்படத்தால் இச்சொல் தமிழர் பலருக்கும் அறிமுகமானது. அப்படத்தின் சில காட்சிகள் எடுக்கப்பட்ட பத்மநாபபுரம் அரண்மனை, எல்லை கடந்து சென்றால் தக்கலையை அடுத்து உள்ளது. அது தமிழ்நாட்டின் மண்ணில் அமைந்திருப்பினும் கேரள அரசின் தொல்லியல் துறையால் பேணப்படுகிறது.

தமிழ்நாட்டில் பூட்டு என்றாலே நினைவுக்கு வருவது திண்டுக்கல். அந்நகரிலும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் தலைமுறை தலைமுறையாகக் கைவேலையாகச் செய்யப்படும் பூட்டுகளுக்கு 2019 ஆகஸ்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. மாங்காய் வடிவிலான 'மாங்காய்ப் பூட்டு' அவற்றுள் பலரும் அறிந்த ஒன்று. இயந்திரத்தில் ஆயிரக்கணக்கில் வார்க்கப்படும் மலிவான பூட்டுகளில் ஒரே சாவி வேறொரு பூட்டையும் திறந்துவிடும் வாய்ப்பு உண்டு. கைவேலைப் பூட்டிலோ ஒவ்வொன்றிற்கும் தனித்தனியே சாவி அராவிப் பொருத்தப்படுகிறது. வட இந்தியாவில் அலிகார் நகரம் இத்தொழிலுக்குப் பெயர் பெற்றது. மும்பையில் அர்தேஷிர் கோத்ரெஜ் 1897-இல் தொடங்கிய தொழிலும் பூட்டுத் தயாரிப்பே ஆகும்.

பூட்டு எவ்வாறு இயங்குகிறது?

வீடுகளில் பயன்படும் பூட்டுகளின் உள்ளமைப்பு பெரும்பாலும் இரு வகைப்படும்.

முதலாவது லீவர் பூட்டு. இதனுள் பல மெல்லிய தகடுகள் அடுக்கப்பட்டிருக்கும். சாவியின் பற்கள் ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய உயரத்திற்குத் தூக்கினால் மட்டுமே பூட்டின் நாக்கு நகரும். ஒரு தகடு சற்றே குறைவாகவோ கூடுதலாகவோ உயர்ந்தாலும் நாக்கு அசையாது. இந்த இரட்டைக் கட்டுப்பாட்டு முறைக்கு இங்கிலாந்தில் ராபர்ட் பாரன் 1778-இல் காப்புரிமை பெற்றார். ஐந்து லீவர், ஏழு லீவர் என்று கடைக்காரர் கூறுவது இத்தகடுகளின் எண்ணிக்கையையே. எண்ணிக்கை கூடக்கூட மாற்றுச் சாவியால் திறப்பது கடினமாகும்.

இரண்டாவது பின் சிலிண்டர் பூட்டு. ஒரு சிறு உருளைக்குள் வில்கம்பியால் அழுத்தப்பட்ட ஊசிகள் வரிசையாக இருக்கும். தட்டையான சாவியின் வெட்டுகள் அவ்வூசிகளைச் சரியான மட்டத்தில் நிறுத்தும்போது உருளை சுழலும். பழங்கால எகிப்தில் மரத்தால் செய்யப்பட்ட பூட்டின் தத்துவம் இதுவே. அமெரிக்கரான லைனஸ் யேல் இளையவர் 1860-களில் இதனைச் சிறிய உலோகப் பூட்டாக வடித்தார். ஐந்து ஊசிகளும் ஒவ்வொன்றிற்கும் ஆறு உயரங்களும் கொண்ட பூட்டில், கணக்குப்படி 7,776 வகைச் சாவிகள் அமையலாம். ஆறு ஊசிகளாயின் அது 46,656 ஆகும். நடைமுறையில் இவ்வெண்ணிக்கை குறையும் எனினும், ஓர் ஊசி கூடுவதால் ஏற்படும் வேறுபாட்டை இது காட்டுகிறது.

எந்தப் பூட்டும் என்றென்றைக்கும் திறக்க முடியாததன்று. 1851-இல் லண்டனில் நடைபெற்ற மாபெரும் கண்காட்சியின்போது ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்னும் அமெரிக்கர், அந்நாளில் மிகப் பாதுகாப்பானதெனக் கருதப்பட்ட சப் நிறுவனத்தின் பூட்டை ஏறத்தாழ 25 நிமிடங்களில் திறந்து காட்டினார். பிராமா நிறுவனத்தின் பூட்டைத் திறக்க அவருக்குப் பல நாள்களில் மொத்தம் 51 மணி நேரம் தேவைப்பட்டது. இரண்டும் திறக்கப்பட்டன, ஆயினும் 25 நிமிடத்திற்கும் 51 மணி நேரத்திற்கும் உள்ள இடைவெளியே பூட்டின் மதிப்பு. திருடனுக்கு நேரம் பகை. அவனைத் தாமதப்படுத்துவதும், ஓசை எழுப்பச் செய்வதும், அக்கம்பக்கத்தார் கண்ணில் படச் செய்வதுமே பூட்டின் பணி.

எந்தக் கதவுக்கு எந்தப் பூட்டு?

தொங்கு பூட்டு: கொண்டியையும் நாதாங்கியையும் இணைத்து மாட்டப்படுவது. வெளிவாயில், கிடங்கு, மொட்டை மாடிக் கதவு ஆகியவற்றுக்கு ஏற்றது. இதன் வளைகம்பி கடினப்படுத்தப்பட்ட எஃகாலானதா என்று பார்த்து வாங்குதல் வேண்டும். வலிமையான பூட்டை மெல்லிய கொண்டியில் மாட்டுவதால் பயனில்லை. கடப்பாரை பூட்டை விட்டுவிட்டுக் கொண்டியையே பெயர்த்துவிடும். கொண்டியின் திருகாணிகள் கதவு மூடிய நிலையில் வெளியே தெரியலாகாது. தொங்கு பூட்டுக்கு மற்றொரு குறையும் உண்டு. தலைவாயிலில் அது தொங்குவதே வீட்டில் ஆளில்லை என்பதை வழிப்போக்கருக்கு அறிவித்துவிடும்.

ரிம் பூட்டு: கதவின் உட்புறப் பரப்பின்மேல் பெட்டி போலப் பொருத்தப்படுவது. கதவைச் சாத்தியவுடன் தானே பூட்டிக்கொள்ளும் நைட் லாட்ச் இவ்வகையைச் சார்ந்தது. வசதியானது, எனினும் அதன் சாய்வான நாக்கு வில்கம்பியால் இயங்குவதால், மெல்லிய தகட்டைச் செருகித் தள்ளிவிட இயலும். ஆகவே இதனை மட்டுமே நம்பியிராமல், சாவியால் இருமுறை சுழற்றிப் பூட்டும் வசதியுள்ளதை வாங்கி, அவ்வாறே பூட்டிச் செல்லுதல் வேண்டும்.

மார்ட்டிஸ் பூட்டு: கதவின் தடிமனுக்குள் குடைந்து பதிக்கப்படுவது. கைப்பிடியும் சாவித்துளையும் மட்டுமே வெளியே தெரியும். தலைவாயிலுக்கு இதுவே பெரும்பாலோரின் தேர்வு. தடிமன் குறைந்த கதவில் இதனைப் பதித்தால் குடைந்த இடமே பலவீனமாகிவிடும் என்பதால் முதலில் தச்சரைக் கலந்துகொள்ளுதல் நன்று. சிலிண்டர் வகையாயின், அவ்வுருளை கைப்பிடித் தகட்டிற்கு வெளியே ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கலாகாது. நீண்டிருக்கும் உருளையைக் குறடால் பற்றி ஒடித்துவிட இயலும்.

டெட்போல்ட்: வில்கம்பி இன்றிச் சாவியாலோ உட்புறத் திருகாலோ மட்டுமே நகரும் தடித்த நாக்கு உடையது. நாக்கு 25 மில்லிமீட்டர் அளவுக்கு நிலைச்சட்டத்தினுள் நுழையுமாயின் நெம்பித் திறப்பது கடினம். நைட் லாட்ச் உள்ள கதவில் இதனையும் சேர்த்துப் பொருத்துதல் சிறந்த ஏற்பாடு.

பல்முனைப் பூட்டு: ஒரே சாவியைச் சுழற்ற, கதவின் மேல், நடு, கீழ் எனப் பல இடங்களில் நாக்குகள் நிலைச்சட்டத்துள் நுழையும். எஃகுக் கதவுகளோடு இது இணைந்தே வருகிறது.

தாழ்ப்பாள்: விலை குறைந்தது, ஆனால் இரவில் மிகவும் பயன் தருவது. மேலும் கீழும் தாழ்ப்பாளிட்ட கதவை, பூட்டைத் திறந்த பின்பும் தள்ள இயலாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. உட்புறத்திலும் சாவி இன்றித் திறக்க முடியாத பூட்டுகள் சில உள்ளன. முதியோர் தனித்து வாழும் வீட்டில் இவை ஆபத்தானவை. சமையலறையில் தீப்பற்றினாலோ திடீரென உடல்நலம் குன்றினாலோ, இருட்டில் சாவியைத் தேடும் நிலை ஏற்படலாகாது. வெளியே இருந்து வருபவனைத் தடுக்கும் பூட்டு, உள்ளே இருப்பவர் வெளியேறுவதைத் தடுத்தல் கூடாது. இரவு நேரத்தில் உட்புறத் திருகால் எளிதில் திறக்கும் பூட்டையே தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

கதவும் காற்றும் மழையும்

கதவும் நிலையும் தரும் வலிமைக்கு மேல் எந்தப் பூட்டும் காவல் தராது. நாக்கைத் தாங்கும் தகட்டை அரை அங்குலத் திருகாணியால் இணைத்தால் ஓர் உதையில் அது பெயர்ந்துவிடும். குறைந்தது 50 மில்லிமீட்டர் நீளமுள்ள திருகாணிகள் நிலைச்சட்டத்தின் உட்பகுதி வரை இறங்க வேண்டும். கீல்கள் வெளிப்புறம் தெரியும் கதவுகளில் கீலின் அச்சைக் கழற்றிக் கதவையே அகற்றிவிட இயலும் என்பதையும் கருதுதல் வேண்டும்.

தலைவாயிலுக்கு விலையுயர்ந்த பூட்டையும், அடுக்களைப் பின்கதவுக்கு ஒரு கொண்டியையும் பொருத்தும் வழக்கம் நம் ஊர்களில் பரவலாக உள்ளது. பின்புறம் ரப்பர்த் தோட்டமோ தென்னந்தோப்போ அமைந்த வீட்டில் யார் கண்ணிலும் படாத கதவு அதுவே. ஓட்டு வீடுகளில் ஓட்டைப் பிரித்து இறங்கும் வழியும் உண்டு. எனவே அறைகளின் உட்கதவுகளுக்கும் மச்சுப்பலகைக்கும் கவனம் தேவை.

கடலோரத்தை அடுத்த இப்பகுதியில் உப்புக்காற்று இரும்பை விரைவில் அரிக்கும். பித்தளை அல்லது துருவேறா எஃகுப் பூட்டுகள் நீடித்து உழைக்கும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டும் இங்குப் பொழிவதால் மரக்கதவுகள் ஈரத்தில் பருத்து, நாக்கும் துளையும் நேர்ப்படாமல் போகும். அப்போது சாவியைப் பலங்கொண்டு திருகுவதால் அது உள்ளே ஒடிகிறது. தச்சரைக் கொண்டு தகட்டைச் சரிசெய்தலே முறை. பூட்டு இறுகினால் தேங்காய் எண்ணெய் விடுவது நம் வழக்கம். நாளடைவில் அவ்வெண்ணெய் தூசியைப் பற்றிப் பிசினாகிவிடும். சிலிண்டர் பூட்டுக்குக் கிராஃபைட் பொடியே ஏற்றது.

மின்னணுப் பூட்டுகள்

விரல்ரேகை, கடவு எண், அட்டை, கைப்பேசி ஆகியவற்றால் திறக்கும் பூட்டுகள் இப்போது சிறு நகரக் கடைகளிலும் கிடைக்கின்றன. சாவி தொலையும் கவலை இல்லை. யார் எப்போது திறந்தார் என்ற பதிவும் பல பூட்டுகளில் கிடைக்கும். வெளிநாட்டில் உள்ள பிள்ளைகள் இவற்றை விரும்பிப் பெற்றோருக்கு வாங்கித் தருகின்றனர்.

வாங்குமுன் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். வங்கியில் விரல்ரேகையால் ஆதார் சரிபார்ப்புச் செய்யும்போது, முதியோர் சிலரின் ரேகை பலமுறை முயன்றும் பதியாமல் போவதை நாம் காண்கிறோம். ஆண்டுக்கணக்கில் ரப்பர் பால் வெட்டியும், வலை இழுத்தும், கயிறு திரித்தும் தேய்ந்த விரல்கள் அவை. அவ்விரல்களுக்கு வீட்டுக் கதவும் திறக்க மறுக்கலாம். எனவே சாவியாலும் திறக்கும் வசதியுள்ள பூட்டையே வாங்குதல் வேண்டும். அச்சாவியை வீட்டினுள்ளேயே வைத்துவிடுதல் கூடாது. மின்கலம் தீர்ந்துவிட்டால் வெளியிலிருந்து மின்னூட்டம் தரும் வழி உள்ளதா என்பதையும் கேட்டறிதல் வேண்டும். தயாரிப்பாளர் இட்டுத் தந்த கடவு எண்ணை முதல் நாளே மாற்றிவிடுதல் வேண்டும். ஏ.டி.எம். அட்டையின் இரகசிய எண்ணுக்கு நாம் கூறும் விதிகள் அனைத்தும் இதற்கும் பொருந்தும்: பிறந்த ஆண்டு வேண்டா, பிறரிடம் கூறவும் வேண்டா.

சாவியைக் காத்தல்

வாயிற்படியின் மேல், பூந்தொட்டியின் அடியில், மின்மானிப் பெட்டியினுள் சாவியை வைக்கும் வழக்கத்தைக் கைவிடுதல் வேண்டும். நாம் அறிந்த அவ்விடங்களைத் திருடனும் அறிவான். வீடு கட்டி முடிந்ததும், கட்டுமானக் காலத்தில் பலர் கைகளில் இருந்த சாவிக்குரிய பூட்டையோ அதன் சிலிண்டரையோ மாற்றிவிடுவது நலம். சிலிண்டரை மட்டும் மாற்றுவதற்கு ஆகும் செலவு முழுப் பூட்டின் விலையைவிடக் குறைவே. வாடகை வீட்டிற்குக் குடிபோவோரும் உரிமையாளரின் இசைவோடு இவ்வாறே செய்யலாம். நெடுநாள் வெளியூர் செல்வோர் அருகிலுள்ள காவல் நிலையத்தில் தெரிவிக்கலாம்; கேரளக் காவல்துறையின் கைப்பேசிச் செயலியிலும் பூட்டிய வீட்டைப் பற்றித் தெரிவிக்கும் வசதி உண்டு.

காப்பீடும் சட்டமும்

வீட்டுக் காப்பீடு எடுத்துள்ளோர் பலர், திருட்டும் அதில் தானாகவே அடங்கும் என எண்ணுகின்றனர். 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள 'பாரத் கிருஹ ரக்ஷா' என்னும் பொதுத் திட்டம் தீ, புயல், வெள்ளம் முதலிய இடர்களுக்கானது. அவ்விடர் நேர்ந்து 7 நாள்களுக்குள் அதன் விளைவாக நிகழும் திருட்டு மட்டுமே அதில் அடங்கும். வழக்கமான கன்னக்களவுக்குத் தனிப் பாதுகாப்பு எடுத்தல் வேண்டும். அத்தகைய காப்பீட்டில், வலிந்து உடைத்து நுழைந்ததற்கான அடையாளம் பொதுவாகக் கேட்கப்படும். கதவைப் பூட்டாமல் விட்டதாலோ, தொட்டியடிச் சாவியால் திறக்கப்பட்டதாலோ பொருள் களவு போயின், இழப்பீடு மறுக்கப்படும் வாய்ப்பு உண்டு. வீடு நெடுநாள் ஆளின்றிப் பூட்டியிருப்பதற்கும் வரம்பு இருக்கக்கூடும். பத்திரத்தின் அந்தப் பகுதியைப் பிரீமியம் செலுத்தும் முன்பே படித்தல் வேண்டும்.

களவு நேர்ந்துவிட்டால், உடைந்த பூட்டையும் கதவையும் தொடாமல் காவல்துறைக்கு உடனே தெரிவித்தல் வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவின்படி, குற்றம் நடந்த இடம் எந்தக் காவல் நிலைய எல்லையில் இருப்பினும் தகவலை அளிக்கலாம். களியக்காவிளையில் கடையும் குளத்தூரில் வீடும் உடைய எல்லையோர மக்களுக்கு இவ்விதி பெரிதும் உதவும். முதல் தகவல் அறிக்கையின் படி இல்லாமல் காப்பீட்டுக் கோரிக்கை முன்னேறாது.

வங்கிப் பெட்டகம்

நாள்தோறும் பயன்படாத நகையையும் மூலப் பத்திரங்களையும் வீட்டில் வைத்திருப்பதைவிட வங்கிப் பெட்டகத்தில் வைத்தல் பாதுகாப்பானது. பெட்டகத்தின் பூட்டு இரு சாவிகளால் இயங்குவது. வங்கியின் சாவியும் வாடிக்கையாளரின் சாவியும் சேர்ந்தால் மட்டுமே அது திறக்கும்.

எனினும் அதன் வரம்பையும் வாடிக்கையாளர் அறிந்திருத்தல் வேண்டும். ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட் 18-ஆம் நாள் வெளியிட்டு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, தீ, திருட்டு, கொள்ளை, கட்டடச் சரிவு, ஊழியர் மோசடி ஆகியவற்றால் இழப்பு நேர்ந்தால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் 100 மடங்கு வரை ஆகும். ஆண்டு வாடகை 3,000 ரூபாய் எனில் அது 3,00,000 ரூபாய். இன்றைய தங்க விலையில் அத்தொகை சில பவுன்களுக்கே ஈடாகும். இயற்கைச் சீற்றத்தாலோ வாடிக்கையாளரின் கவனக்குறைவாலோ நேரும் இழப்பு இதில் அடங்காது. பெட்டகத்தில் உள்ள பொருள்களுக்கு வங்கி காப்பீடு செய்வதில்லை. வேண்டுவோர் காப்பீட்டு நிறுவனங்களை நேரே அணுகலாம்.

பெட்டகம் திறக்கப்படும் அன்றே வாடிக்கையாளருக்குக் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ அனுப்பப்படும் என்பதால், பதிவு செய்த கைப்பேசி எண் வழக்கில் உள்ளதுதானா என்பதை உறுதிசெய்துகொள்ளுதல் வேண்டும். வாடகை நிலுவையின்றிச் செலுத்துதலும், அவ்வப்போது வந்து பெட்டகத்தைத் திறந்து பார்த்தலும் அவசியம். 2025 நவம்பர் 1 முதல் பெட்டகத்திற்கு நால்வர் வரை வரிசை முறையில் நியமிக்கலாம். நியமனம் இல்லாத பெட்டகத்தைக் குடும்பத்தார் திறக்க நேரும்போது ஏற்படும் அலைச்சல், துயரக் காலத்தில் அவர்கள் மேல் விழும் இரண்டாவது சுமை ஆகும்.

இவ்வாரம் ஓர் ஓய்வு நாளில் வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தல் நலம். அடுக்களைக் கதவின் கொண்டி உறுதியாக உள்ளதா? தலைவாயிலின் சிலிண்டர் வெளியே நீண்டுள்ளதா? இரவில் முதியோர் சாவியின்றிக் கதவைத் திறந்து வெளிவர இயலுமா? மாற்றுச் சாவிகள் எத்தனை, யார் யாரிடம் உள்ளன? இவற்றுள் எதற்கேனும் மறுமொழி ஐயத்திற்குரியதாயின், தச்சரையோ பூட்டுக் கடைக்காரரையோ அன்றே அழைத்தல் வேண்டும். பெட்டகம், நியமனம், வீட்டுக் காப்பீடு ஆகியவை குறித்த ஐயங்களுக்கு விடை கூற எங்கள் கிளை அலுவலர்கள் காத்திருக்கின்றனர்.